இன்னும் ஒரு படி

ஒன்பதாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து.

தொகை அவ்வளவுதான். இதற்காக ஒரே குடும்பத்தில் இரண்டு ஆம்பிளைகள் எட்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரிய முடியுமா என்று தையல்காரியிடம் கேட்டால், "இவங்க ரெண்டு பேருக்கும் சும்மா ஒன்பது ரூபாயே போதும், மீதியெல்லாம் தண்டம்" என்பாள்.

தர வேண்டியவன் அவள் தம்பி. வர வேண்டியது அவள் புருஷனுக்கு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் அவள்.

புருஷனுக்கு வேலையிடத்தில் வைத்த பேர் கிரேன். வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் சாமான் தூக்குகிறவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடிக்கு ஃபிரிட்ஜ் போக வேண்டுமென்றால், அகலப் பட்டையைத் தோளில் மாட்டி, ஃபிரிட்ஜை முதுகில் சாய்த்துக்கொண்டு குனிந்தபடியே ஏறிப் போய்விடுவார். தம்பிக்கு வைத்த பேர் ரேடியோ. அதற்கு விளக்கம் வேண்டாம், அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கிரேன் தூக்குவார். ரேடியோ பின்னாலிருந்து அடியைத் தாங்கிக்கொண்டு வழி சொல்வான்.

குனிந்து தூக்குகிறவருக்குத் தன் கால் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் தெரியாது. சுவர், கைப்பிடி, திருப்பம் எல்லாம் பின்னால் வருகிறவன் கண்ணில்தான் இருக்கிறது. அதனால் அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின்னால் வருகிறவன் "ஏறு" என்றால் ஏற வேண்டும். "நில்லு" என்றால் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் சாமானை இறக்கி வைத்த பிறகு. படியில் கேள்வி கிடையாது. படியில் மரியாதையும் கிடையாது. தரையில் "வாங்க மாமா, போங்க மாமா" என்று குழைகிற ரேடியோ, படியில் ஏறினால் மாமாவைப் பேர் தெரியாத ஆள் மாதிரி அதட்டுவான்.

பதினோரு வருஷம் அப்படி ஏறி இறங்கினார்கள். ஒரு சாமானில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், ஆளுயரக் கண்ணாடி பதித்த ஓர் அலமாரி மூன்றாவது மாடித் திருப்பத்தில் விழுந்து தூள் தூளானது.

"நான் நில்லுன்னேன். அவர் நிக்கல" என்றான் ரேடியோ.

"அவன் வாயே திறக்கல. வருஷம் பூரா பேசுறவன் அன்னைக்குப் பார்த்து ஊமையாயிட்டான்" என்றார் கிரேன்.

கம்பெனி முழுத் தொகையையும் மூத்தவர் என்று கிரேன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. அதில் பாதி, அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சம், ரேடியோ தரவேண்டும் என்றார் கிரேன். தப்பே செய்யாதவன் எதற்குத் தரவேண்டும் என்றான் ரேடியோ. அன்றோடு பேச்சு முறிந்தது, ஜோடியாகப் படி ஏறுவதும் நின்றது.

இதற்கு நடுவில்தான் அந்த அழையா விருந்தாளி. இந்தக் குடும்பத்தோடு பல வாரமாகக் கூட நடக்கிறவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி.

கிரேனின் வலது தோளில், பின்பக்கம், பட்டை அழுந்துகிற இடத்தில் காய்ப்பு மாதிரி ஒன்று கிளம்பியது. தோளில் காய்ப்பு இல்லாமல் சாமான் தூக்குகிறவன் எவன்? கம்பெனியில் அதைப் பார்த்து, "உழைச்சவன் முத்திரைய்யா இது" என்று தட்டிக் கொடுத்தார்கள். பட்டை உரசாமலிருக்கத் தையல்காரி கனத்த துணியில் பஞ்சு வைத்து ஒரு திண்டு தைத்தாள். காய்ப்பு உட்கார நடுவில் ஓர் ஓட்டை விட்டாள். அடுத்த வருஷம் ஓட்டை பற்றவில்லை என்றார். புதுத் திண்டு தைத்து ஓட்டையைப் பெரிதாக்கினாள். அதற்கு அடுத்த வருஷமும் அப்படியே. தன் கையாலேயே அதற்கு இடம் விட்டுக்கொண்டு வந்திருக்கிறோமே என்று இன்றைக்கும் அவள் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அது காய்ப்பில்லை. தோல் புற்று. அதிலும் பத்து லட்சம் பேரில் நாலைந்து பேருக்கு வருகிற ரகம். டெர்மட்டோ ஃபைப்ரோ சர்கோமா என்று தொடங்கி, அதற்குப் பின்னால் ஒரு வால் வேறு. வீட்டில் ஒருவர் வாயிலும் நுழையாததால் 'நீளப்பேரு' என்று வைத்துவிட்டார்கள். அவசரப்பட்டு உயிரை வாங்குகிற ரகமில்லை. ஆனால் பிடித்த இடத்தை விடாது. தோலுக்கு அடியில் நூல் நூலாக வேர் விட்டு, வெட்டினால் இன்னும் ஆழத்தில் போய் முளைக்கும். இரண்டு தடவை வெட்டினார்கள். இரண்டு தடவையும் "வேரோட எடுத்தாச்சு" என்றார்கள். இரண்டு தடவையும் தழும்புக்கு அடியிலேயே திரும்ப வந்து உட்கார்ந்தது.

இன்றைக்கு மூன்றாவது தடவை. வேறு மருத்துவமனை, வேறு வைத்தியம்.

*

காத்திருக்கும் அறையில் நீள பெஞ்சு. ஒரு கோடியில் கிரேன், மறு கோடியில் ரேடியோ, நடுவில் மதில் சுவர் மாதிரி தையல்காரி.

"உன் தம்பி எதுக்கு வந்திருக்கான்?" கிரேன் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குத் துணைக்கு வந்தேன்னு சொல்லுக்கா." ரேடியோ ஜன்னலிடம் சொன்னான்.

"வேலைக்குப் போகலையான்னு கேளு."

"லீவு போட்டிருக்கேன்னு சொல்லு."

"எனக்குத் தொண்டை காஞ்சுபோச்சு" என்றாள் தையல்காரி. "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?"

ரேடியோவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், அமுக்கி உள்ளே போட்டான். திரையில் 'முதலாளி' என்று வந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதே பாக்கெட்டில் மடித்து வைத்த எதையோ அவன் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வதையும் பார்த்தாள். கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கவலை போதும்.

டாக்டரம்மா வந்தாள். சின்ன உருவம். கிரேன் பக்கத்தில் நின்றால் அவர் தூக்கிப் போகவேண்டிய சாமான் மாதிரி இருந்தாள். ஆனால் பேச்சில் ஒரு சுற்றிவளைப்பு இல்லை.

"மறுபடி ஒருமுறை சொல்லிடுறேன். ஒரே வெட்டுல எல்லாத்தையும் எடுக்கப் போறதில்ல. மரத்துப் போக ஊசி போட்டுட்டு, தட்டு மாதிரி மெல்லிசா ஒரு அடுக்கு எடுப்பேன். எந்தப் பக்கம் எதுன்னு மாறிடாம இருக்க நாலு பக்கமும் நாலு கலர் மை வைப்பேன். உறைய வச்சு, சீவி, நானே மைக்ராஸ்கோப்ல பார்ப்பேன். எந்தப் பக்கம் வேர் மிச்சமிருக்கோ அந்தப் பக்கம் மட்டும் அடுத்த அடுக்கு. அது வரைக்கும் கட்டுப் போட்டு இங்க உட்கார்ந்திருப்பீங்க."

"எத்தனை அடுக்கு போகும்?"

"அது உங்க நீளப்பேருக்குத்தான் தெரியும். சுத்தம்னு என் கண்ணால பார்க்காம மூட மாட்டேன்."

தையல்காரிக்கு அது ஒரே நொடியில் புரிந்தது. நூல் பிரிகிற துணியை உத்தேசமாக வெட்டி மடித்துத் தைத்தால் மறுபடி பிரியும். கடைசிப் பிசிறைத் தாண்டி, நெசவு இறுகி நிற்கிற இடம் வரைக்கும் வெட்ட வேண்டும். முன்பு இரண்டு தடவையும் உத்தேசமாக வெட்டினார்கள். இவள் பிசிறைத் தேடுகிறவள்.

கிரேன் உள்ளே போனார். வரும்போது தோளில் தலையணை மாதிரி வெள்ளைக் கட்டு.

"வலிக்குதா?"

"மரத்துப் போச்சு. கத்திரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. உன் கடையில உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்துச்சு."

ரேடியோ எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தான். ஒன்றை அக்கா கையில் கொடுத்தான். ஒன்றைப் பெஞ்சில், மாமாவுக்குக் கை எட்டும் தூரத்தில் வைத்தான்.

"அது யாருக்குன்னு கேளு."

"சர்க்கரை போடாததுன்னு சொல்லு."

"நான் கேட்டேனான்னு கேளு."

"ஆறிப்போகும்னு சொல்லு."

கிரேன் இடது கையால் எடுத்துக் குடித்தார். குடித்த டம்ளரைத் தள்ளி வைத்தபோது அது பெஞ்சில் ரேடியோ பக்கமாகவே தள்ளப்பட்டது. அவன் எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போட்டான். எட்டு மாதத்தில் இருவருக்கும் இடையே நடந்த நீண்ட உரையாடல் அதுதான்.

முதல் அடுக்கின் முடிவு வந்தது. டாக்டரம்மா ஒரு காகிதத்தில் கடிகாரம் மாதிரி வட்டம் போட்டுக் காட்டினாள். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை வேர். ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை வேர். மற்றது சுத்தம்.

"பாதிக் கடிகாரம் போச்சு" என்றார் கிரேன்.

"பாதி ஜெயிச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் நர்ஸ், அவரைத் தள்ளு நாற்காலியில் உட்காரச் சொல்லி.

"இதுல நான் உட்கார்றதா? இந்த மாதிரி நாற்காலி ஆறு ஒண்ணா அடுக்கித் தூக்குறவன்மா நான்." நடந்தே போனார்.

இரண்டாவது அடுக்கு. மறுபடி கட்டு, மறுபடி பெஞ்சு. எதிரே சுவர்க் கடிகாரம் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

இந்தத் தடவை நர்ஸ் வந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். கிரேனும் தையல்காரியும் போனார்கள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசுகிறாள் என்றதுமே நல்ல சேதி இல்லை என்று தையல்காரி எடுத்துக்கொண்டாள்.

"வலது பக்கம் முழுக்க சுத்தம். கீழயும் சுத்தம். கழுத்துப் பக்கமா, பதினொரு மணி மூலையில மட்டும் வேர் இறங்கிப் போயிருக்கு. தசைக்கு மேல ஒரு உறை இருக்கு, அதைத் தொட்டிருக்கு. அடுத்த அடுக்குல அந்த உறையையும், தசையில ஒரு மெல்லிய சீவலையும் எடுக்கணும். அங்க சுத்தமா இருந்தா முடிஞ்சது. அங்கயும் வேர் இருந்தா, இன்னும் ஆழமா தசையை எடுக்க வேண்டி வரும். அப்படி எடுத்தா இந்தக் கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது."



"வேற வழி?" கிரேன் கேட்டார்.

"இன்னைக்கு இத்தோட நிறுத்திட்டு, மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். சிலருக்குச் சுருங்கும். சிலருக்குச் சுருங்காது. காத்திருக்கிற நேரத்துல வேர் இன்னும் உள்ள போகலாம். என்னைக் கேட்டா இப்பவே எடுக்கிறதுதான் நல்லது. ஆனா தோள் உங்களோடது. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

கதவு சாத்தியதும் கிரேன் சொன்னார்: "மூடிடச் சொல்லு."

"ஏங்க, அவங்க என்ன சொன்னாங்க? எடுக்கிறதுதான் நல்லதுன்னு சொன்னாங்கல்ல?"

"அவங்க தோளா?"

"உங்க தோளுதான். அதை வேர் தின்னட்டும்னு விட்டுடலாமா?"

"கை மேல போகலன்னா நான் என்ன பண்ணுவேன்? உன் கடையில உட்கார்ந்து பட்டன் தைக்கவா?"

"தைச்சா என்ன, விரல் தேஞ்சுடுமா? நான் இத்தனை வருஷமா தைக்கிறேன், பத்தும் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட தோள் ஒரு பக்கமாகச் சரிய, கட்டிலின் விளிம்பில் தன் கால்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தடவை வேரோட எடுத்தாச்சுன்னாங்க. சரின்னு நம்பினேன். எனக்கு என்ன தெரியும் சொல்லு. எல்லாமே முதுகுப் பக்கம். ஒருத்தர் வட்டம் போட்டுக் காட்டுறாங்க, ஒருத்தர் படம் எடுத்துக் காட்டுறாங்க. எனக்குத் தெரியுறது என் கட்டைவிரல் மட்டும்தான். கண்ணு தெரியாம இன்னும் எத்தனை படிதான் ஏறுறது?"

தையல்காரி பையை எடுத்துக்கொண்டாள்.  எழுந்து வெளியே போனாள்.

*

ரேடியோ பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, சத்தம் அடக்கிய போனைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ள வாடா."

"எதுக்கு?"

"உன் மாமாவுக்கு வழி தெரியல."

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள் சொல்லக் கேட்டு அவன் முகம் இறங்கியது. ஆனால் கால் நகரவில்லை. "நான் சொன்னா அவர் கேப்பாராக்கா? அன்னைக்கு நில்லுன்னேன். கேட்டாரா?"

"கேக்கலன்னா அதுக்கு அப்புறமா சண்டை போட்டுக்கோ. எட்டு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் தபால் கொண்டுபோய் கொடுத்துக்கிட்டு இருக்கேன். இன்னையோட வேலையை விட்டுட்டேன். இனிமே உன் தபாலை நீயே கொண்டுபோய் கொடு."

"ரத்தம் கித்தம்னா எனக்குத் தலை சுத்தும், உனக்கே தெரியும்."

"சுத்தட்டும். விழுந்தா ஆஸ்பத்திரிதானே, தூக்கிப் போடுவாங்க."

அவன் எழுந்தான். மறுபடி அந்தப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே டாக்டரம்மா திரும்ப வந்திருந்தாள். ரேடியோ வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். "டாக்டர், நான் ஒருமுறை பார்க்கலாமா? காயத்தை?"

டாக்டரம்மா கிரேனைப் பார்த்தாள். கிரேன் சுவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் நர்ஸுக்குத் தலையசைத்தாள். நர்ஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால், ரேடியோவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, காலால் ஒரு ஸ்டூலை அவனுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். விவரமான பெண்.

ரேடியோ பார்த்தான். உள்ளங்கையை விட அகலமான பள்ளம். அவன் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. தையல்காரி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பிடியை விலக்கிவிட்டு இன்னும் கிட்டே போனான்.

"இந்தப் பக்கமெல்லாம் முடிஞ்சுதா டாக்டர்?"

"முடிஞ்சுது."

"கீழ?"

"அதுவும் முடிஞ்சுது."

"அப்ப இந்த மூலை மட்டும்தான்."

"அந்த மூலையும், அதுக்கு அடியும்."

அவன் தலையாட்டினான். கிரேனுக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. பதினோரு வருஷம் எங்கே நின்றானோ அங்கேயே, அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி நின்றான்.

கிரேன் கட்டைவிரலைப் பார்த்தபடி கேட்டார். தையல்காரியை விட்டுக் கேட்கச் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

"என்ன தெரியுது?"

"வழி தெரியுது." ரேடியோ சொன்னான். "நாலு பக்கத்துல மூணு பக்கம் தாண்டியாச்சு. ஒரே ஒரு திருப்பம்தான் மிச்சம். குறுகலாத்தான் இருக்கு. ஆனா போகும்."

கிரேன் இடது கையால் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க இறக்கி வச்சா மறுபடி தூக்க முடியாது." ரேடியோ மூச்சை இழுத்து விட்டான். பிறகு குரல் மாறியது. மரியாதை போனது. படிக்கட்டுகளில் கேட்கிற அந்தக் குரல். "ஏறு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி அவளைப் பார்த்து, பேசாமலிருங்கள் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"இன்னும் ஒரு படி. ஏறு."

படியில் கேள்வி கிடையாது.

கிரேன் தலையைத் தாழ்த்தினார். பட்டையை மாட்டிக்கொண்டு சாமான் முதுகில் ஏறுவதற்குக் காத்திருக்கும்போது எப்படித் தாழ்த்துவாரோ, அப்படி. "எடுங்க டாக்டரம்மா" என்றார்.

ரேடியோ ஒரு அடி பின்வாங்கினான். கால் மடங்கியது. ஸ்டூல் சரியான இடத்தில் இருந்தது.

"தண்ணி குடிங்க" என்றாள் நர்ஸ். "வழி சொல்றவர் விழுந்துட்டா எப்படி?"

*

மூன்றாவது அடுக்கின் முடிவுக்குக் காத்திருந்த நேரம்தான் அந்த நாளிலேயே கொடுமையான நேரம். இந்தத் தடவை கிரேனை உள்ளேயே படுக்க வைத்துவிட்டார்கள். அக்காவும் தம்பியும் மட்டும் பெஞ்சில்.

ரேடியோ பேசவில்லை. அவன் பேசாமலிருப்பதைப் பார்க்க அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் பையைத் திறந்தாள். எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்று தெரிந்துகொள்ள டாக்டரம்மா கேட்டிருந்ததால், பழைய திண்டுகள் மூன்றையும் முதல் சந்திப்பிலிருந்தே பையில் வைத்திருந்தாள். ஒன்றில் பொத்தான் அளவு ஓட்டை. ஒன்றில் எலுமிச்சை அளவு. கடைசியில் இருந்ததில் டீ டம்ளரின் வாய் அளவு. ஊசியும் நூலும் இல்லாமல் அவள் வீட்டை விட்டுக் கிளம்பியதே கிடையாது. சின்னத் திண்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பெரிய திண்டின் ஓட்டையில் வைத்து, சுற்றிலும் தைக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஓட்டையை அடைக்கிறேன்."

"முடிவு வரட்டுமேக்கா."

"வரும். நான் முடிச்சுப் போடுறதுக்குள்ள வரும்."

போன் மறுபடி அதிர்ந்தது. ரேடியோ பார்த்துவிட்டு அமுக்கினான். இந்தத் தடவை அவள் கேட்டாள்.

"என்னடா வேணுமாம் முதலாளிக்கு?"

"மாமா இடத்துக்கு நிரந்தரமா வேற ஆளைப் போடணுமாம். யாரோட ஜோடி சேர்றன்னு கேக்கிறார். இன்னைக்குள்ள சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"போனை எடுத்தாத்தானே சொல்றதுக்கு."

அவள் ஊசியை இழுத்தாள். அரை வட்டம் தைத்தாகிவிட்டது. முக்கால் வட்டம். அவள் வேண்டுமென்றே நெருக்கித் தைத்தாள், தையல் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று.

கடைசித் தையலுக்கு முந்தைய தையலில் ஊசி நிற்கும்போது கதவு திறந்தது. எப்போதும் நர்ஸ்தான் வந்து கூப்பிடுவாள். இந்தத் தடவை டாக்டரம்மாவே வந்தாள். கையுறை இல்லை. அவள் நடையில் ஏதோ ஒன்று இருந்தது. வாடிக்கைக்காரி புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, திரை விலக்கி வெளியே வருகிற நடை.

"உள்ள வாங்க. அவர்கிட்டயும் சேர்த்தே சொல்றேன். ரெண்டு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

கிரேன் எழுந்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டு மணியில ஆரம்பிச்சுப் பன்னெண்டு மணி வரைக்கும் ஒரு சுத்து பார்த்தேன். நம்பாம இன்னொரு சுத்து பார்த்தேன். அடியைத் தனியாப் பார்த்தேன். ஒரு வேர் இல்ல. உறையோட நின்னு போச்சு. தசை தப்பிச்சுது."

 தையல்காரியின் கையில் ஊசி தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க, கையைத் தூக்குங்க. மெதுவா."

கிரேன் வலது கையைத் தூக்கினார். வயிற்றளவு. மார்பளவு. தோளளவுக்கு வந்தபோது ஒரு கணம் நின்றது. ரேடியோவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கை தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. மேலே தொங்கிய விளக்கின் விளிம்பைக் கிரேனின் நடுவிரல் தொட்டது.

"போதும், போதும்" என்றாள் டாக்டரம்மா. "விளக்கைக் கழட்டிக் கொண்டு போயிடாதீங்க."

தையல்காரி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே கடைசித் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

*

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் தொடையிலிருந்து தோல் எடுத்துப் பள்ளத்தில் ஒட்ட வேண்டும். அது பிடிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பல வருஷத்துக்கு. நீளப்பேரு அப்படி ஒரு ஆள், போய்விட்டான் என்று கதவைத் திறந்து வைத்துத் தூங்க முடியாது.

"வர்றேன்" என்றார் கிரேன். "எத்தனை தடவை வேணாலும் வர்றேன். எப்ப தூக்கலாம்?"

"அது தோல் பிடிச்சதும் பேசிக்கலாம். இப்போதைக்கு டீ டம்ளர் தூக்கலாம்."

திரும்ப அதே பெஞ்சு. தையல்காரி முந்திக்கொண்டு ஒரு கோடியில் போய் உட்கார்ந்தாள். நடுவில் கிரேன், அவர் பக்கத்தில் வேறு வழியில்லாமல் ரேடியோ.

போன் அதிர்ந்தது. மூன்று பேரும் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார்கள்.

"யாரு?" என்றார் கிரேன்.

"முதலாளி."

"எடுக்கலையா?"

"கூப்பிடட்டும் மாமா. அவருக்கு அப்புறம் சொல்லிக்கலாம்." அடங்கும் வரை விட்டுவிட்டு, ரேடியோ அந்த மடிப்பை வெளியே எடுத்தான். நோட்டுகள். ரப்பர் போட்டுக் கட்டியிருந்தது. தரைக்கு வந்துவிட்டதால் மரியாதையும் வந்துவிட்டிருந்தது. "இந்தாங்க மாமா. எண்ணிப் பார்த்துக்குங்க. ஒன்பதாயிரத்து முந்நூத்தி எழுபத்தஞ்சு."

"எதுக்கு இது?"

"பாதி. காலையிலேயே கொடுத்துடணும்னுதான் கொண்டுவந்தேன். எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியல. அக்கா கையில கொடுக்கலாம்னா அவ தபால் வேலையை விட்டுட்டா."

கிரேன் அந்தக் கட்டைப் பார்த்தார். வாங்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நீ நில்லுன்னு சொன்ன."

"என்ன மாமா?"

"அன்னைக்கு. கண்ணாடி அலமாரி. நீ நில்லுன்னு சொன்ன. என் காதுல விழுந்துச்சு. அந்த நேரம் பார்த்துத் தோள்ல மின்னல் வெட்டின மாதிரி ஒரு வலி. பட்டை வழுக்கிடுச்சு. வலிக்குதுன்னு சொன்னா தூக்க விடமாட்டீங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

ரேடியோ வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். "அப்ப இதை நான் தரவேண்டியதே இல்ல."

"இல்ல."

"எட்டு மாசமா என்னை ஊமைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க."

"அதை யாரும் நம்பல, கவலைப்படாத."

தையல்காரிக்குப் புருஷனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. தோள் ஆறட்டும் என்று எடுத்து வைத்தாள்.

"முழுசும் நீங்கதான் கட்டினது. முழுசும் உங்க பேர்ல நிக்கட்டும்" என்றான் ரேடியோ.

"என் பேர்ல ஏன் நிக்கணும்? அலமாரியை விட்டது நீயும் இல்ல, நானும் இல்ல. நீளப்பேரு விட்டான். அவன்கிட்டப் போய் வசூல் பண்ணு."

"அவனை எங்க போய்த் தேடுறது?"

"உள்ளதான் இருக்கான்" என்றாள் தையல்காரி. "நாலு கலர் மை பூசிக்கிட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில கண்ணாடித் துண்டு மேல படுத்திருக்கான். கண்ணாடியை உடைச்சவனுக்குக் கண்ணாடியே படுக்கை."

ரேடியோ முதலில் சிரித்தான். கிரேன் சிரித்தால் தோள் குலுங்கும் என்று பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. "சிரிக்க வைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, முறைப்பது போல நடித்துவிட்டுப் போனாள்.

கிரேன் இடது கையால் நோட்டுக் கட்டை எடுத்தார். ரேடியோவின் சட்டைப் பாக்கெட்டிலேயே திரும்பச் செருகி, பொத்தானைப் போட முயன்றார். ஒரு கையால் போட வரவில்லை. தையல்காரி எட்டிப் போட்டுவிட்டாள்.

"போனவன் கடனை யாரும் கேக்குறதில்ல. கணக்கு முடிஞ்சுது, மாப்ள" என்றார் கிரேன். "போய் மூணு டீ வாங்கிட்டு வா. இன்னைக்கு ஒரு நாள் எனக்குச் சர்க்கரை போட்டே வாங்கு."